தசையைச் சிதைத்த மாத்திரை

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் கதை ஒரு பூஞ்சையில் தொடங்குகிறது. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ அதிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987ல் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டினுக்கு அனுமதி கிடைத்தது. மாரடைப்பைத் தடுக்கும் மருந்து என்பதால் சந்தை மளமளவென்று வளர்ந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனமும் போட்டியில் இறங்கியது. அதன் செரிவாஸ்டாட்டினுக்கு 1997ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஸ்டாட்டின் சாப்பிடும் சிலருக்குத் தசைவலி வருவதுண்டு. மிக அரிதாகத் தசை செல்களே சிதைந்துவிடும். இதற்கு ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். உயிரே போகலாம்.

செரிவாஸ்டாட்டினில் இந்த ஆபத்து மற்ற ஸ்டாட்டின்களைவிடப் பல மடங்கு அதிகம். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் மோசம். செரிவாஸ்டாட்டின் உடலிலிருந்து வெளியேறுவதை அது தடுப்பதால், ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று 1999 டிசம்பரிலேயே மருந்துக் குறிப்பில் அச்சிட்டார்கள். ஆனாலும் சேர்த்து எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. 2000ல், முன்பிருந்ததைவிட வீரியமான 0.8 மில்லிகிராம் மாத்திரையும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது!

2001 ஆகஸ்ட் 8 அன்று பேயர் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் 31 மரணங்கள் பதிவாகியிருந்தன. இறந்தவர்களில் 12 பேர் இரண்டு மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். பேயர் 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது.

மற்ற ஸ்டாட்டின்கள் இன்றும் மாரடைப்பிலிருந்து ஏராளமானவர்களைக் காக்கின்றன. எனவே பயந்துபோய் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. புதிதாகத் தசைவலி வந்தாலோ, சிறுநீர் நிறம் மாறினாலோ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும்தான். எச்சரிக்கையை அச்சடித்தால் மட்டும் போதாது, அதை யாராவது படிக்கவும் வேண்டும் என்பதுதான் அந்த 12 பேரின் மரணம் சொல்லும் பாடம்.