கீழக்கரையில் ஒரு நாள்: கடல்வழி வந்த நம் வரலாறு



திண்டுக்கல், தாடிக்கொம்பு, அகரம் எனக் கடலைக் காணாத சமவெளியில் வாழும் நமக்கு முஸ்லிம்களின் வரலாறு என்றதும் நினைவில் எழுவன மலைக்கோட்டையும் பேகம்பூரும். 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். அவர் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியுள்ள இடமே பேகம்பூர் எனப் பெயர் பெற்றது. இவ்வளவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, இஸ்லாம் தமிழ் மண்ணுக்குப் படையோடும் கோட்டையோடும் வந்தது என்றே எண்ணிக்கொள்ளும். நம்மை வந்தேறிகள் என்று யாரேனும் சொன்னால் அதற்கு மறுமொழி கூறவும் அப்பிள்ளைக்குத் தெரியாது.

அந்த மறுமொழியைக் கண்ணால் காட்டக்கூடிய ஊர் கீழக்கரை. மதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் பயணம். ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் முற்பகலில் சென்று சேரலாம். இரவுக்குள் வீடு திரும்பலாம். நம்மில் பலர் ஏர்வாடிக்குச் செல்லும் வழியில் அவ்வூரைக் கடந்திருக்கிறோம். இறங்கி நின்று பார்த்தவர் குறைவு. பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் நிலையைப் பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்த நோக்கத்தோடு ஒரு பகலைக் கீழக்கரையில் கழிப்பவர் எவற்றைக் காண வேண்டும், அவை எதைச் சொல்கின்றன என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பழைய ஜும்ஆப் பள்ளி

ஊருக்குள் நுழைந்ததும் செல்ல வேண்டிய இடம் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல். பள்ளி என்றவுடன் குவிமாடத்தையும் மினாராவையும் தேடும் நம் கண் இங்கே சற்றுத் திகைக்கும். கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் பொதிகைகள், குறுக்கே கல் உத்தரங்கள், மேலே தட்டையான கல் கூரை எனப் பாண்டிநாட்டுக் கல் மண்டபங்களை எழுப்பிய அதே கைத்திறன் இங்கும் காணப்படுகிறது. ஒரே வேறுபாடு, உருவங்கள் இல்லை. தூண்களிலும் பொதிகைகளிலும் பூக்களும் கொடிகளும் கோலங்களுமே செதுக்கப்பட்டுள்ளன. தொழுகைக்கு வேண்டியதை முஸ்லிம்கள் சொன்னார்கள். தமிழ்ச் சிற்பிகள் தம் மரபு மாறாமல் அதைச் செய்து கொடுத்தார்கள். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மதித்தாலன்றி இத்தகைய கட்டடம் எழுந்திருக்க முடியாது. நம் ஊர் பேகம்பூர்ப் பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு இத்தூண்களைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வழிகளில் வந்த வரலாறுகள் என்பது விளங்கும்.

இப்பள்ளியைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவர் இயற்பெயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பெருவணிகர். சேதுபதி மன்னர் கிழவன் சேதுபதியின் உற்ற நண்பர். சேதுபதியின் பட்டப்பெயரான விஜயரகுநாத என்பதைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் சிறப்பையும் பெற்றவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று இன்றும் எல்லாச் சமயத்தாரும் சொல்லும் பழமொழி இவரைப் பற்றியதே. வள்ளல் இறந்த செய்தி அறியாமல் வந்த புலவர் கலங்கி நின்றபோது, அவர் கை மோதிரம் அப்புலவருக்குக் கிடைத்தது என்பது வழிவழியாக வரும் கதை. கதையின் உண்மை எவ்வாறாயினும், ஒரு முஸ்லிம் வணிகரைத் தமிழ் மக்கள் கொடைக்கே இலக்கணமாகக் கொண்டார்கள் என்பது வரலாறு. பள்ளி வளாகத்தில் அவர் கப்ரு உள்ளது. ஸலாம் கூறி, அவருக்காகவும் நமக்காகவும் அல்லாஹ்விடம் துஆச் செய்து, மறுமையை நினைந்து திரும்புவோம்.

லுஹர் தொழுகையில் ஒரு வரலாற்றுப் பாடம்

லுஹரை இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் ஜமாஅத்துடன் தொழுவது நல்லது. நம் பகுதியினர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கீழக்கரையார் ஷாஃபிஈ மத்ஹபினர். ருகூஉக்குக் குனியும்போதும் நிமிரும்போதும் அவர்கள் கைகளை உயர்த்துவதைப் பிள்ளைகள் கவனித்து, ஏன் என்று கேட்பார்கள். ஃபஜ்ரில் குனூத் ஓதுவதும், அஸர் நேரம் நம் ஊரைவிட முன்னதாகத் தொடங்குவதும் இவ்வேறுபாட்டின் பகுதிகளே. ஒரு பொருளின் நிழல் அதன் அளவை எட்டியதும் ஷாஃபிஈகளுக்கு அஸர் வந்துவிடுகிறது. ஹனஃபிகள் இருமடங்கு வரை காத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் கேள்விக்கு விடை கடலில் இருக்கிறது. யமன், மலபார், இலங்கை, சுமத்ரா, ஜாவா, மலாயா என்று இந்துமாக்கடலின் கரைகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். எங்கும் ஷாஃபிஈ மத்ஹபே வேரூன்றியிருக்கிறது. பாய்மரக் கப்பல்கள் பருவக் காற்றில் சென்ற வழியெல்லாம் வணிகரும் ஆலிம்களும் கொண்டு சென்ற மார்க்கக் கல்வி அது. கீழக்கரையும் காயல்பட்டினமும் அந்தக் கண்ணியின் தமிழ் வளையங்கள். ஹனஃபி மத்ஹபோ துருக்கியரும் வடநாட்டு அரசுகளும் பின்பற்றி வந்தது, உள்நாட்டில் பரவியது.

ஆயினும் உள்நாட்டையும் கடற்கரையையும் இணைத்த ஒன்று உண்டு, அது குதிரை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையாகக் குதிரைகளை வாங்கியதை மார்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியுள்ளனர். தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் வணிகர் பாண்டிய அரசில் அமைச்சர் நிலையில் இருந்தார் என்பதையும் வஸ்ஸாஃப் பதிவு செய்கிறார். இராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பதே பொருள். மரக்கலத்தோடு சேர்த்துப் பேசப்படும் மரைக்காயரும், குதிரையோடு சேர்த்துப் பேசப்படும் இராவுத்தரும் ஒரே வணிகத்தின் இரு முனைகளில் நின்றவர்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். ஹைதர் அலி திண்டுக்கல்லில் கால் வைப்பதற்கு ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

பகலுணவும் தொதலும்

உணவுக்குப் பின் கடைத்தெருவில் தொதல் வாங்காமல் வரலாகாது. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் இனிப்பும் சேர்த்துக் கரிய நிறத்தில் இறுகும்வரை கிண்டியெடுக்கும் பண்டம். மலாய், ஜாவா நாட்டு மக்கள் இதையே டோடோல் என்கிறார்கள், இலங்கையிலும் உண்டு. கப்பலேறிப் போனவர்கள் பொருளோடு நாவின் சுவையையும் கொண்டுவந்தார்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

பிற்பகல்: அரபுத்தமிழின் ஊர்

சீதக்காதியின் காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்). 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து, 1703இல் மறைந்து, கீழக்கரையில் அடங்கியுள்ளார். உமறுப் புலவர் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காவியமாகப் பாட விரும்பியபோது, அதற்குரிய செய்திகளை அரபு மூலங்களிலிருந்து பெற நாடியது இவரையே என்பது மரபு. அப்பணிக்குப் புரவலர் சீதக்காதி. காவியம் முடியுமுன் அவர் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் இவ்வாறு பிறந்தது. வணிகர் பொருள் கொடுத்தார், ஆலிம் அறிவு கொடுத்தார், எட்டயபுரம் அரசவைப் புலவரிடம் தமிழ் கற்ற கவிஞர் பாடினார்.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே ஊரில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) வாழ்ந்தார் (1816–1898). இமாமுல் அரூஸ் என அறியப்படுபவர். அவர் பெயரோடு இணைந்த அரூஸிய்யா மத்ரஸா இன்றும் நினைவுகூரப்படுகிறது. மார்க்கச் சட்டத்தையும் வணக்க முறைகளையும் எளிய மக்களும் வீட்டுப் பெண்களும் படித்தறிய வேண்டும் என்று அவர் அரபுத்தமிழில் எழுதினார். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ட, ண, ள, ஞ போன்ற ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் கூட்டி நம் முன்னோர் இதை அமைத்தார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண், தமிழ் நெடுங்கணக்கைக் கற்காதவராயினும், இந்நூல்களைப் படிக்க முடிந்தது. இலங்கை வரை இந்நூல்கள் சென்றன. இவ்வரலாற்றை அவர் வழிவந்த தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் ஒரு பெருநூலாகத் தொகுத்து வெளியிட்டார்.

ஊரில் முதியவர் எவரையேனும் கண்டால் அரபுத்தமிழ் நூல் பார்க்கக் கிடைக்குமா என்று பணிவோடு கேளுங்கள். ஒரு பக்கத்தையேனும் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். ஓதத் தெரிந்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அரபு எழுத்திலிருந்து தமிழ்ச் சொல் எழுவதைக் கேட்பீர்கள்.

மாலையில் கடற்கரை

வெயில் தாழ்ந்ததும் கரைக்குச் செல்லலாம். மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்குமே இவ்வூரை வளர்த்தவை. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளில் ஏழு கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை. பவளப்பாறைகளைக் காக்கும் பொருட்டு அங்கே இறங்கத் தடைகள் உள்ளன. படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம். சற்றுக் கிழக்கே பெரியபட்டினம் இருக்கிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு ஆய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. 1340களில் இப்னு பத்தூத்தா கண்டு எழுதிய ஃபத்தன் துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்பது ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவின் கருத்து. அத்துறையில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல் ஒன்று இருந்ததையும் இப்னு பத்தூத்தா குறிப்பிடுகிறார்.

செல்வோர் சில ஒழுங்குகளை நினைவிற் கொள்க. தெருக்கள் குறுகலானவை, பெண்கள் நடமாடும் வழிகளில் படம் எடுக்க வேண்டாம். பள்ளியினுள் படம் எடுக்குமுன் நிர்வாகத்தாரிடம் இசைவு பெறுக. குடும்பத்தோடு செல்வோர் பெண்களுக்குத் தொழுமிடம் எங்கே என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க.

திரும்பிய பின் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பரண்களிலும் பெட்டிகளிலும் பாட்டிமார் ஓதிய பழைய நூல்கள் கிடக்கலாம். அரபு எழுத்தாக இருப்பதால் பழுதடைந்த முஸ்ஹஃபு என்று கருதி, மரியாதையோடு மண்ணில் புதைத்துவிடுகிறோம். அவற்றுள் தமிழ் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. புதைக்கும் முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தமிழாக ஒலித்தால் எடுத்து வையுங்கள். படம் பிடித்துப் பிள்ளைகளுக்கும் ஆய்வாளருக்கும் கொடுங்கள். கல்லால் ஆன பள்ளி இன்னும் பல நூற்றாண்டுகள் நிற்கும், இன்ஷா அல்லாஹ். காகிதத்துக்கு அந்த ஆயுள் இல்லை.