கச்சேரியின் வரவு செலவு

“சங்கீதத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள்” என்ற வாக்கியம் நம்மூரில் எப்போது சொல்லப்படுகிறது என்று கவனித்துப் பார்த்தேன். பெரும்பாலும் யாராவது காசைப் பற்றிப் பேச்செடுத்த பிறகு. ராகம், பாடாந்தரம், பக்கவாத்தியம் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம், அது ரசனை. இந்த மேடைக்குப் பணம் கட்டினது யார், வானொலியில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு நேரம், அரசாங்கம் யாருக்கு மானியம் கொடுத்தது என்று பேச்சு நழுவிவிட்டால் போதும், அது அரசியலாகிவிடும். உடனே வாயை அடைக்க வாக்கியம் தயார். இந்த நழுவலை ரசிகர்களின் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. நவீன ரசிகர் என்கிற ஆள் உருவானதே இந்த நழுவலுக்குள்தான் என்பது என் வாதம்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குத் தமிழிசை இயக்கம் ஒரு மொழிச் சண்டையாகச் சொல்லித்தரப்பட்டது. தெலுங்கா தமிழா, தியாகராஜரா முத்துத்தாண்டவரா என்பதோடு பாடம் முடிந்தது. பரீட்சைக்கு அது போதும். அந்த வரலாற்றின் கணக்குப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

1

அரண்மனைக் கச்சேரியில் உட்கார்ந்து கேட்டவன் கணக்குக் கேட்க முடியாது. பணம் ராஜாவுடையது, வித்வானும் ராஜாவுடையவர். 1855இல் ஆண் வாரிசு இல்லை என்ற காரணம் காட்டித் தஞ்சை மராட்டிய அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு வித்வான்கள் ஜமீன்களையும் மடங்களையும் நகரத்தார் வீடுகளையும் நாடினார்கள். கடைசியில் சென்னைப் பட்டணத்துச் சபாக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சபாவின் புதுமை டிக்கெட். டிக்கெட் வாங்கினவனுக்கு ஒரு வாய் முளைக்கிறது. ‘காசு குடுத்திருக்கேன், எனக்குப் புரியற மாதிரி நாலு பாட்டுப் பாடப்படாதா?’ என்று அவன் கேட்கலாம். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் வாலில் துக்கடாவாக மட்டும் வருகிறது என்ற முணுமுணுப்புக்கு இப்படி ஒரு பொருளாதார அடித்தளம் உண்டு.

இந்த இடத்தில் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை நினைக்கிறேன். சித்த மருந்து விற்றுச் சேர்த்த சொந்தப் பணத்தில் 1912 தொடங்கி சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். கர்நாடக இசையின் வேர் பழந்தமிழிசை என்று அத்தனை பக்கங்களில் எழுதியும் அவர் காலத்தில் அது வெகுஜனக் கிளர்ச்சி ஆகவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: தன் காசைச் செலவழிக்கும் தனிமனிதரிடம் யாரும் பங்கு கேட்க முடியாது. பொதுப்பணம் என்று ஒன்று நடுவில் வந்து நின்ற பிறகே ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள்.

2

‘அரசியல் கலக்காத’ சங்கீதத்தின் கோட்டையாகச் சொல்லப்படும் மியூசிக் அகாதமி எங்கே பிறந்தது? 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையோடு சேர்ந்து ஓர் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. அதில் எடுத்த முடிவின்படி 1928இல் அகாதமி வந்தது. முதல் தலைவர் யு. ராமராவ் ஒரு டாக்டர், காங்கிரஸ்காரர். தேசம் வேண்டும் என்று கேட்ட அதே கூட்டம் தேசத்துக்கு ஒரு ‘சாஸ்திரீய’ இசையும் வேண்டும் என்று கேட்டது. கட்சி மாநாட்டுப் பந்தலில் கருவுற்ற ஒரு நிறுவனம் பதினைந்து வருஷத்துக்குள் அரசியல் தீட்டுப் பார்க்க ஆரம்பித்தது என்றால், அதன் அரசியல் அதற்குள் இயற்கையாகவே ஆகிவிட்டது என்று அர்த்தம். செரித்துப்போன அரசியல் அரசியலாகத் தெரியாது.

அடுத்தது வானொலி. 1924இல் சென்னையில் தனியார் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் மூடிவிட்டார்கள். அதன் கருவியை வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: நகரசபைப் பணத்தில், கடற்கரை மணலில், டிக்கெட் இல்லாமல் பாட்டு. சபா வாசலைத் தாண்டாதவர்கள் காதிலும் அது விழுந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தன. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணும். இப்போது ரசிகர் சர்க்காருக்கு நேரடியாகக் காசு கட்டுகிறவர். எந்த மொழியில் பாடுவது என்பது இனி வித்வானுடைய இஷ்டமோ சபா செயலாளருடைய இஷ்டமோ மட்டுமாக இருக்க முடியாது. அது சர்க்கார் செலவு பற்றிய கேள்வி.

இதே சமயத்தில் இன்னொரு பக்கம் ராஜாஜி மந்திரிசபை. 1937 அக்டோபர் 1இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. கள்ளு, சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி; அதே வருஷம் கேளிக்கை வரிச் சட்டம். காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் காட்சிக்கு வரி. குடிகாரன் கட்டிவந்த பணத்தைக் கடையில் சாமான் வாங்குகிறவனும் காட்சி பார்க்கப் போகிறவனும் பகிர்ந்து கட்டினார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. இதற்கு நடுவில் 1938இல் பள்ளிக்கூடத்தில் கட்டாய இந்தி, அதற்கு எதிரான சிறை நிரப்பும் போராட்டம். வரி, மொழி, வானொலி மூன்றும் ஒரே நாலைந்து வருஷத்துக்குள் வந்து விழுந்தன. கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் பைரவியை மட்டும் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க முடியுமா?

3

இந்தப் பின்னணியில்தான் 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. அதற்கு முந்திய வருஷம் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களை வளர்க்க 10,000 ரூபாய் கொடுத்திருந்தார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம், வானொலியில் தமிழ்ப் பாட்டுக்கு நேரம் என்று தீர்மானங்கள் வந்தன. திருச்சி, தேவகோட்டை, மதுரை என்று மாநாடுகள் தொடர்ந்தன. டிசம்பரில் அகாதமி பதில் தீர்மானம் போட்டது: இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்கவேண்டும், அந்தத் தரத்தைக் குறைக்கும்படி மொழிப் பிரச்சினையை நுழைக்கக் கூடாது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. கல்கியும் டி.கே.சி.யும் ராஜாஜியும் தமிழிசைக்கு ஆதரவு. ஆக, இதைப் பார்ப்பனர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்து முடிக்க முடியவில்லை. கோடு இருக்கிறது, ஆனால் அது வளைந்து வளைந்து போகிறது.

‘தரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கணும். தரம் என்று ஒருவர் சொல்லும்போது, எது பொதுச் செலவுக்குத் தகுதியானது என்பதை முடிவு செய்யும் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். ‘மக்கள் மொழி’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அதுவும் அதே உரிமையைத்தான் கோருகிறது. இரண்டும் ஒரே கஜானாச் சாவிக்கான இரண்டு மனுக்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தமிழிசை மேடையின் முக்கியக் குரல்களில் ஒருவரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1947 நவம்பர் 26இல் அவர் வைத்த வரவுசெலவுத் திட்டத்தில் செலவு சுமார் 197 கோடி. அதில் 92 கோடிக்கு மேல் ராணுவத்துக்கு. அகாதமிப் பக்கத்துக்கு நெருக்கமான டி.டி. கிருஷ்ணமாச்சாரி பின்னால் இரண்டு முறை நிதியமைச்சர் ஆனார். 1957இல் சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்தவர் அவர். 1955இல் நேரு அடிக்கல் நாட்டிய, 1962இல் திறக்கப்பட்ட அகாதமி அரங்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கத்துக்கு ராஜா அண்ணாமலைச் செட்டியார் பெயர். சென்னையின் இரண்டு பெரிய சங்கீத மேடைகளுக்குப் பின்னாலும் நாட்டின் கல்லாப்பெட்டியைத் தொட்ட கைகள் இருந்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

4

பெரியார் இந்தச் சண்டையில் தமிழிசையை ஆதரித்தார், ஆனால் ஒரு குறுக்குக் கேள்வியோடு. தமிழில் பாடு, சரி. தமிழில் எதைப் பாடுவாய்? மறுபடியும் பக்தியும் புராணமும்தானா? இந்தக் கேள்வி இரண்டு சபாவுக்கும் தொந்தரவானது. மொழி மாறினால் போதும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கட்டும் என்பதில் இரு தரப்புக்கும் அதிகப் பிணக்கு இருக்கவில்லை.

பெரியாரின் கேள்வியிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கினால் வேறொன்று தெரிகிறது. யாருடைய இசை கணக்கிலேயே ஏறவில்லை? கோயில் மானியக் கணக்கில் மேளக்காரரும் தேவதாசியும் இருந்தார்கள். 1929இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் வந்த சட்டம் தேவதாசிகளின் மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்தது. 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்தது. அவர்கள் விடுதலை நியாயமானது. ஆனால் அவர்களுடைய பதமும் ஜாவளியும் சபா மேடை ஏறிய அளவுக்கு அவர்கள் ஏறவில்லை. பறை அடித்தவருக்கோ மானியம்கூட இல்லை. களத்து நெல்லில் ஒரு பங்கும், சாவு வீட்டுக் காசும், மறுத்தால் அடியும். அந்த இசையைத் ‘தொழில்’ என்றார்கள், ‘ஊழியம்’ என்றார்கள்; இசை என்று சொல்லவில்லை. 1941 சண்டையின் மையத்தில் பறைக்கு இடமில்லை. விற்பனை வரி கட்டின கூலிக்காரன் ‘மக்கள்’ என்ற சொல்லில் இருந்தான், கச்சேரியில் இல்லை. 1990களில் தலித் கலை விழாக்களில் பறை மேடையேறியபோதுதான் இந்தப் பழைய கணக்கு முதன்முதலாகத் தணிக்கைக்கு வந்தது என்று நான் வாசிக்கிறேன்.

5

சுதந்திரத்துக்குப் பின் சர்க்காரே பெரிய புரவலர். 1949இல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி, 1953இல் டில்லியில் சங்கீத நாடக அகாதமி, 1955இல் மாநில சங்கீத நாடகச் சங்கம். ராஜாவின் இடத்தில் இலாகா வந்தது. ஆனால் ராஜாவிடம் கேட்க முடியாததை இலாகாவிடம் கேட்கலாம், கேட்கணும்.

இந்த உரிமைக்கு இரண்டு முனை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2018 நவம்பரில் டி.எம். கிருஷ்ணா டில்லியில் பாட இருந்த கச்சேரிக்கு விமான நிலைய ஆணையம் ஆதரவு தருவதாக இருந்தது. இவரைப் போன்றவருக்குப் பொதுத்துறை மேடையா என்று சமூக வலைத்தளங்களில் கூச்சல் கிளம்பியதும் கச்சேரி தள்ளிவைக்கப்பட்டது. அதே நாளில், நவம்பர் 17இல், டில்லி மாநில அரசு வேறொரு இடத்தில் அவரைப் பாட வைத்தது. ஒரு பாடகர், இரண்டு கஜானா. 2024இல் அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்தபோது எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று அவர் பெரியாரைப் புகழ்ந்தது. எண்பது வருஷத்துக்கு முந்தைய குறுக்குக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ரசிகர் வரிப்பணத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதாலேயே அது ஜனநாயகக் குரல் ஆகிவிடாது. ‘என் காசில் இவனா?’ என்பது ஒரு கேள்வி. ‘எல்லார் காசிலும் யார் யார் இல்லை?’ என்பது வேறு கேள்வி. முதலாவது ஒருவரை மேடையிலிருந்து இறக்கும். இரண்டாவது மேடையின் நீள அகலத்தை அளந்து பார்க்கும். இரண்டுக்கும் பதிலாக ‘சங்கீதம் வேற, அரசியல் வேற’ என்று சொல்கிறவர் யாருக்கான செலவு ஏற்கெனவே பாஸாகிவிட்டதோ அவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார்.

எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருக்கிறவர்களும் மானிய விண்ணப்பம், விருதுப் பட்டியல், கலைப் பண்பாட்டுத் துறையின் ஒதுக்கீடு இவற்றை ஒரு பிரதியாக வாசிக்கப் பழகணும். சாகித்தியத்தில் இல்லாத பல விஷயம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. விடுபட்ட பெயர்கள் உட்பட.