அகப்பாட்டும் பெயர் சுட்டா மரபும்

அன்பின் ஐந்திணைக்குரிய மாந்தரை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த வரம்பாகும். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அகப்பாட்டில் வழங்குவன. ஈழத்துப் பூதன்றேவனார் பெயரால் அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகிய மூன்று தொகைகளிலும் காணப்பெறும் ஏழு பாடல்களும் இம்மரபில் எழுந்தனவே. இவ்விதி அகப்பாட்டில் வரலாற்றுக்கு இடமே இல்லாது செய்துவிட்டது எனக் கருதுதல் தவறு. நந்தர் செல்வமும், மோரியர் வரவும், முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் மரக்கலமும் அகநானூற்றிலேதான் பேசப்படுகின்றன. ஆனால் அவையெல்லாம் உவமையாகவும் அடையாகவும் வந்து ஒதுங்கி நிற்பன. காதலர்க்கு மட்டும் பெயரில்லை.

இவ்வரம்பு எத்துணை நுண்ணிதாகக் காக்கப்பட்டதென்பதற்கு நக்கீரரின் நெடுநல்வாடை சிறந்த சான்று. வாடைக்காலத்து நள்ளிரவில் அரண்மனைக் கட்டிலில் அரசி பிரிவால் வருந்துகிறாள். அரசனோ பாசறையில் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றித் திரிகிறான். 188 அடிகளிலும் பாண்டியன் பெயர் யாண்டும் இல்லை. வேலின் தலையிற் கட்டிய வேப்பந்தார் ஒன்றே உண்டு. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ ஆதலின், அரசன் இன்னான் எனச் சுட்டப்பட்டான் என்றும், அதனால் இப்பாட்டுப் புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் உரைத்தார். அரசியின் துயரை மறவாத எவரும் இம்முடிபை முற்றும் ஏற்றுக்கொள்ளத் தயங்குவர். ஆயினும் ஒரு பூவே பாட்டின் திணையை மாற்றிற்று என்பது எண்ணத்தக்கது.

நக்கண்ணையார் நிலை இன்னும் அரிது. அவர் பெயரால் நற்றிணையிலும் அகநானூற்றிலும் அகப்பாடல்கள் உள. ஆனால் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமீது தாம் கொண்ட காதலைப் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83, 84, 85 ஆம் எண்ணுடையனவாய்க் கைக்கிளைத் திணையில் அமைந்தன. பெயரற்ற தலைவியின் வாயிலாகப் பேசியபோது அகத்துள் இடம்பெற்ற புலவர், தம் காதலைத் தாமே உரைத்தபோது புறத்துக்கு அனுப்பப்பட்டார். விதி அவர்க்கு இடந்தரவில்லை. தொகுத்தோர் அப்பாடல்களை நீக்காது காத்தனர் என்பது நம் பேறு.

பத்திமைக் காலத்தில் இவ்வரம்பு நெகிழ்ந்தது. 143 பாசுரங்கொண்ட நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தம் தலைவனைக் கண்ணனென்றும் அரங்கனென்றும் வெளிப்படச் சொல்லி, பதிகங்களின் இறுதியில் வில்லிபுத்தூர்க் கோதை எனத் தம்மையும் சுட்டுகின்றார். நக்கண்ணையார்க்கு வாய்க்காத உரிமை இவர்க்கு வாய்த்தமைக்குக் காரணம், காதலிக்கப்பட்டோன் இறைவனாயினமையே போலும்.

மாணிக்கவாசகரோ வேறு வழி கண்டார். திருக்கோவையாரின் 400 பாடல்களிலும் காதலர் பெயரற்றவராகவே நிற்க, தில்லைக் கூத்தன் பாட்டுடைத் தலைவனாக அமைகின்றான். பாண்டிக்கோவையில் அரசனுக்கு அளித்த இடம் ஈண்டு இறைவனுக்காயிற்று. பழைய விதியும் பிழையாது, புகழப்படுவோன் பெயரும் மறையாது நிற்கும் இவ்வமைப்பைப் பிற்காலப் புலவர் பலர் மேற்கொண்டனர். அவற்றுள் உயிரற்ற பயிற்சிச் செய்யுள்களும் பல. யாழ்ப்பாணத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கரவை வேலன் கோவை இம்மரபிற்றே. அங்கு அரசனும் இல்லை, இறைவனும் இல்லை. கரவெட்டியூர்ப் பிரபு ஒருவர் பாட்டுடைத் தலைவராகிறார். அவர் பெயரும் ஊரும் பாட்டில் விளங்க, காதலர் இருவரும் அங்கும் பெயரின்றியே சந்திக்கின்றனர்.