பெங்களூரில் ஆடற்பயிற்சி: அன்றும் இன்றும்

அல்சூரிலோ, பிரேசர் டவுனிலோ, ஸ்ரீராமபுரத்திலோ, ஜெயநகரிலோ ஒரு மாலைப்பொழுதில் தெருவழியே நடப்போமாயின், ஏதேனும் ஒரு வீட்டு மாடியிலிருந்தோ சிறு மண்டபத்திலிருந்தோ தட்டுக்கழியின் ஒலி நம் செவியில் விழும். மரத்தின்மேல் மரம் மோதும் அவ்வொலிக்கேற்பச் சிறார் சிலர் அரைமண்டியில் நின்று தட்டடவு பயின்றுகொண்டிருப்பர். வாயிலருகே அவர்தம் அன்னையர் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் காத்து அமர்ந்திருப்பர். அவ்வன்னையருள் தமிழ் பேசுவோரும் உண்டு. கன்னடமும் தெலுங்கும் பேசுவோரும் உண்டு. இக்காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும், இத்தட்டுக்கழி இந்நகருக்கு எவ்வழியே வந்தது, வந்த வழியில் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களாகிய நமக்கு அவ்வெண்ணம் வேண்டும். ஏனெனில் இக்கலையும் நம்மைப் போலவே ஊர்விட்டு வந்ததுதான்.

மாதவியின் ஆசிரியர்கள்

ஆடற்பயிற்சி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை நம் இலக்கியங்களுள் விரிவாகக் கூறுவது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி 5ஆம் வயதில் பயிற்சியைத் தொடங்குகிறாள். 7 ஆண்டுகள் பயில்கிறாள். 12ஆம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். இச்செய்தியை நம்மவர் பலரும் அறிவர். ஆனால் அவ்வரங்கேற்றத்தை நிகழ்விக்க எத்தனை ஆசிரியர் வேண்டியிருந்தனர் என்பதை நாம் அத்துணைக் கருத்தாகப் படிப்பதில்லை.

இளங்கோவடிகள் அறுவரைக் கூறுகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்பது அவர் வைத்த வரிசை. அறுவரின் தகுதிகளையும் தனித்தனியே வகுத்துரைக்கிறார். இவ்வரிசையில் மூன்றாம் இடத்தில் நிற்பவன் கவிஞன் என்பது நம் சிந்தனைக்குரியது. அவன் தமிழ் முழுதும் அறிந்தவன்; வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகைக் கூத்தின் இலக்கணமும் உணர்ந்தவன். ஆடுமகள் எதை ஆடுகிறாள் என்பதை அறிந்து ஆட வேண்டும். அதற்குச் சொல்லின் பொருள் தெரிந்த ஒருவன் பயிற்சிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். இதுவே அடிகள் கருத்து எனலாம். இவ்வறுவரையும் நினைவில் இருத்திக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

தஞ்சையும் மைசூரும்

இன்று பெங்களூரில் பயிலும் குழந்தை அலாரிப்பில் தொடங்கி, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என வளர்ந்து, தில்லானாவில் முடிக்கிறது. இவ்வரிசையை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார். நட்டுவ மரபில் தோன்றிய இவர்கள் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கியவர்கள்.

இவர்களும் ஊர்விட்டுப் பெயர்ந்தவர்களே. இளையவராகிய வடிவேலு திருவிதாங்கூருக்குச் சென்று சுவாதித் திருநாள் மன்னரின் அவையை அணிசெய்தார். வயலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களுள் ஒருவராகப் போற்றப்பெறுகிறார். மூத்தவராகிய சின்னையா மைசூருக்கு வந்தார். அங்கே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவைப் பெற்றார். தஞ்சையின் ஆடல்முறை கன்னட நாட்டில் வேரூன்றியதற்கு அவர் வருகை பெருந்துணை செய்தது.

இது ஒருவழிக் கொடை அன்று. தஞ்சையில் ஒரு குழந்தை பாட்டுப் பயிலத் தொடங்குங்கால் முதலில் பாடும் சரளி வரிசையும் அலங்காரமும் கன்னட நாட்டுப் புரந்தரதாசர் வகுத்தவை என்பது மரபு. அவர் 1564இல் மறைந்தவர். ஆக, நம் குழந்தைகள் பாடத் தொடங்குவது கன்னடப் பெரியார் ஒருவர் வகுத்த பாடத்தில். கன்னடக் குழந்தைகள் ஆடி வளர்வது தமிழ் நட்டுவனார் வகுத்த வரிசையில். கொண்டும் கொடுத்தும் வளர்ந்த உறவு இது.

மைசூர் அவையில் இக்கலை தனக்கென ஒரு நடையைப் பெற்றது. மல்லர் குடியில் பிறந்த ஜெட்டி தாயம்மா அபிநயத்தில் நிகரற்றவராக விளங்கி 1947இல் மறைந்தார். அவர் மாணவியாகிய கே. வெங்கடலட்சம்மா மைசூர் அவையில் ஆடிப் புகழ்பெற்றார். பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனம் பயிற்றினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஒரு சொல்லுக்குப் பல்வேறு பொருள்நயம் காட்டும் அபிநயமே அம்மரபின் உயிர். அங்கே ஆடுபவரே புலவருமாயிருந்தார்.

அதே காலத்தில் துயரமும் நிகழ்ந்தது. 1909ஆம் ஆண்டளவில் மைசூர் அரசு தன் ஆளுகைக்குட்பட்ட கோயில்களில் தேவதாசியர் பணியை நிறுத்தியது. 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. பெண்களைக் கொடுமையினின்று விடுவிக்க அச்சட்டம் வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அக்குடிகள் காத்துவந்த கலைக்கு மதிப்புப் பெருகிய அதே ஆண்டுகளில், அக்குடிப் பெண்களுக்கு மேடை சுருங்கியது. நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்து, தம் பெயரிலேயே இந்நகரைத் தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவ்வகுப்பினர். தம் செல்வத்தைத் திருவையாற்றில் தியாகராசர் சமாதியை எழுப்பச் செலவிட்டவர் அவர். அவர்போன்றோர் வளர்த்த கலையையே நம் குழந்தைகள் இன்று பயில்கின்றனர் என்பதை நாம் மறத்தல் தகாது.

பெங்களூரிலிருந்து பந்தநல்லூருக்கு

நால்வர் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1869 முதல் 1954 வரை வாழ்ந்தவர். ருக்மிணி தேவி அவரிடம் பயின்று 1935இல் மேடையேறியதும், மறு ஆண்டில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதும் பலரறிந்த வரலாறு. அதே ஆசானைத் தேடிப் பெங்களூரிலிருந்து சென்றவர்களைப் பற்றி நம் இளைஞர்கள் அவ்வளவாக அறியார்.

அவர்களுள் ஒருவர் ராம் கோபால். பெங்களூரில் 1912இல் பிறந்த இவருடைய தாயார் பர்மிய நாட்டவர். தமிழ்க் குடியிலோ நட்டுவ மரபிலோ தோன்றாத இவர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் முத்துக்குமாரப் பிள்ளையிடமும் பரதம் பயின்றார். குஞ்சுக் குறுப்பிடம் கதகளி கற்றார். 1939இல் இலண்டன் மாநகர் மேடையில் ஆடி மேனாட்டாரை வியக்கவைத்தார். பெங்களூரில் அவர் வீடு கலைஞர் பலர் கூடிப் பயின்ற இடமாயிற்று.

மற்றொருவர் யூ. எஸ். கிருஷ்ணராவ். பெங்களூர்ச் சென்ட்ரல் கல்லூரியில் வேதியியல் கற்பித்த பேராசிரியர் இவர். தம் துணைவியார் சந்திரபாகா தேவியுடன் பந்தநல்லூர் ஆசானிடம் பயின்று, 1942இல் பெங்களூரில் 'மகாமாயா' என்னும் நடனப் பள்ளியை நிறுவினார். கணவனும் மனைவியும் இணைந்து ஆடுவதும், குடும்பத்தார் தம் பிள்ளைகளைக் கூச்சமின்றி நடனம் பயில அனுப்புவதும் அந்நாளில் எளிய செயல்கள் அல்ல. பின்னாளில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனம் ஒரு பாடத்துறையாக அமைந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் கிருஷ்ணராவே. பரதக் கலைச்சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். சொல்லின் பொருள் விளங்காமல் ஆடல் விளங்காது என்பதை உணர்ந்த ஆசிரியரின் பணி அது.

வகுப்பும் பட்டறையும்

இவ்வாறு, ஆசிரியர் இல்லத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்ற குருகுலம், கிழமைக்கு இருநாள் சென்றுவரும் வகுப்பாக மாறியது. இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. குருகுலத்தின் வாயில் சிலருக்கே திறந்திருந்தது; வகுப்பின் வாயில் பலருக்குத் திறந்தது. 1809இல் அமைந்த படைக்குடியிருப்பை ஒட்டி இந்நகரில் குடியேறிய தமிழருள் படைவீரரும், கைவினைஞரும், சிறு வணிகரும், தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களும் இன்று சலங்கை கட்டுகின்றனர். கட்டணமும் அரங்கேற்றச் செலவும் இன்னும் பலரைத் தடுத்து நிறுத்துகின்றன என்பதும் உண்மை. ஆயினும் பிறப்பு என்னும் பழைய தாழ்ப்பாள் பெரிதும் கழன்றுவிட்டது.

வகுப்பிற்குப் பின் வந்தது பட்டறை. கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் இடத்தின் பெயரைக் கலைக்கு உரியதாக்கியோருள் முதன்மையானவர் ந. முத்துசாமி, 1977இல் சென்னையில் 'கூத்துப்பட்டறை' தோன்றியது. புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர்களோடு பழகிப் பெற்ற அறிவு அதற்கு உரமாயிற்று. பெங்களூர்ப் பக்கம் 1990இல் ஹெசரகட்டாவுக்கு அருகே புரோதிமா பேடி 'நிருத்யகிராமம்' என்னும் நடனச் சிற்றூரை அமைத்தார். குருகுலத்தை இக்காலத்திற்கேற்ப மீட்டெடுத்த முயற்சி அது. சுற்றுப்புறச் சிற்றூர்க் குழந்தைகளுக்கும் அங்கே நடனம் கற்பிக்கப்பட்டது. 1992இல் ஜெயச்சந்திரன் பாலாழி நிறுவிய 'ஆட்டக்களரி' பழைய உடற்பயிற்சிகளையும் புதிய நடனத்தையும் இணைத்தது. இன்று சில நாள்களில் முடியும் பயிற்சிப் பட்டறைகளில் சிறுவரும் பெற்றோரும் முதியோரும் ஒருங்கே கலந்துகொள்ளக் காண்கிறோம். இது வரவேற்கத்தக்கதே.

காலியான இருக்கை

இனி இழந்ததைக் கூறுவோம். அடிகள் கூறிய அறுவருள் ஆடலாசிரியர் இன்று நமக்கு உண்டு. இசையும் தண்ணுமையும் குழலும் ஒலிப்பதிவாகவேனும் வந்துவிடுகின்றன; யாழின் இடத்தை வீணையும் வயலினும் நிரப்புகின்றன. மூன்றாம் இடத்துக் கவிஞன் மட்டும் பயிற்சிக்கூடத்தில் காணப்படவில்லை. கிழமைக்கு இரண்டு மணி நேரத்தில் அடவைத் திருத்தவே ஆசிரியருக்குப் பொழுது போதவில்லை. பாடலுக்குப் பொருள் கூறுவது எங்ஙனம்? ஆசிரியரைக் குறைகூற நமக்கு மனமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் நாம் கண்டதைக் கூறுவோம். நம் குடும்பமொன்றைச் சேர்ந்த சிறுமி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரப் பாடல் ஒன்றுக்கு ஆடினாள். கால் பிழைக்கவில்லை, தாளம் தவறவில்லை, கைகள் உரிய முத்திரைகளைக் காட்டின. நிகழ்ச்சி முடிந்தபின் அவளை அழைத்து, "அம்மா, நந்தன் ஏன் தொலைவில் நின்று வணங்கினான்?" என்று வினவினோம். "கோயிலில் கூட்டமாய் இருந்திருக்கும்" என்றாள் அவள். நாம் நகைத்தோம், பிறகு நாணினோம். பிறந்த குடியைக் காட்டி ஒரு மனிதனைக் கோயிலுக்குப் புறத்தே நிறுத்திய கொடுமையை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார்? தமிழ் தெரிந்த நாமன்றோ?

அன்றிரவு அவளுடைய பாட்டியார் நந்தன் கதையை முழுதும் கூறினாராம். அடுத்த ஆண்டு அவள் அதே பாடலுக்கு ஆடினாள். புதிய அடவு ஒன்றும் சேர்க்கப்படவில்லை. ஆயினும், தொலைவில் நின்று எட்டிப் பார்க்கும் இடத்தில் அவள் ஒரு நொடி அசையாது நின்றாள். அவையும் அசையாதிருந்தது.

பட்டறைகளும் வகுப்புகளும் தரமுடியாத ஒன்றைத் தரும் ஆற்றல் நம் வீடுகளுக்கு உண்டு என்பதை அன்று உணர்ந்தோம். நம் குழந்தைகளுட் பலர் தமிழ் எழுத்தை அறியார். எனினும் செவியால் தமிழை அறிவர். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் பாடலொன்றை அவர்கள் ஆடப் பயிலும் நாளில், அதன் சொற்களை இல்லத்திலுள்ள முதியோர் பிரித்துப் பொருள் கூறலாம். சங்கங்கள் மாதந்தோறும் ஒரு மாலையை ஒதுக்கி, ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, புலவர் பொருள் கூற, ஆசிரியர் அபிநயம் காட்ட, பெற்றோரும் பிள்ளைகளும் உடனிருந்து பயிலுமாறு செய்யலாம். புரந்தரதாசரின் பாடலுக்குரிய மாலையில் கன்னட அறிஞரை அழைத்துப் பொருள் கேட்கலாம். அரங்கேற்ற அழைப்பிதழ்களில் புரவலர் பெயர்களோடு பாடலாசிரியர் பெயரையும், அப்பாடத்தைக் காத்தளித்த நட்டுவனார் மரபின் பெயரையும் அச்சிடலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

அல்சூர் ஏரிக்கரையருகே 1991இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இரு மொழியினரும் புலவருக்கு இடமளித்த நாள்கள் அவை. வெளியே சிலையாய் நிற்கும் புலவனுக்கு நம் பிள்ளைகள் பயிலும் கூடத்தின் உள்ளேயும் ஓர் இருக்கை இடுவோம். தட்டுக்கழியின் ஒலி இந்நகரில் ஓயப்போவதில்லை. அதனோடு பாடலின் பொருளும் ஒலிக்குமாறு செய்வது நம் கடன்.