கல்குவாரி வெடிபொருள் வழங்கல் (தமிழ்நாடு)

கல்குவாரி வெடிபொருள் வழங்கல் என்பது பாறை உடைப்பதற்கான வெடிபொருள்களும் அவற்றுக்குரிய வேதிப்பொருள்களும் தொழிற்சாலையிலிருந்து கல்குவாரிகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்று சேரும் வணிக முறையைக் குறிக்கும். இம்முறையில் தயாரிப்பவர், விற்பவர், ஏற்றிச் செல்பவர், இருப்பு வைப்பவர் ஆகியோர் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். வெடி வைப்பவருக்கு அதற்கான சான்றிதழ் தேவை. தமிழ்நாட்டில் நிகழ்ந்த பெரிய வெடிபொருள் விபத்துகளுட் சில, பாறையில் வெடி வைக்கும் இடத்தில் அன்றித் தயாரிப்பு, போக்குவரத்து, இருப்பு ஆகிய இடைநிலைகளில் நேர்ந்தவை.

தேவை

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நகரம் பாலாற்றுச் சமவெளியில் அமைந்துள்ளது. அதன் தெற்கே உத்திரமேரூர் வட்டத்திலும், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்துடன் இணைந்திருந்த இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் கடினப் பாறைக் குன்றுகள் உள்ளன. உத்திரமேரூர் வட்டத்தின் மதூர் உள்ளிட்ட ஊர்களில் கல்குவாரிகள் இயங்கிவந்துள்ளன. சென்னையின் கட்டடப் பணிகளுக்கான கருங்கல் ஜல்லியும், ஆற்று மணலுக்கு மாற்றாகப் பயன்படும் எம்-சாண்டும் இத்தகைய குவாரிகளிலிருந்து பெறப்படுகின்றன.

இப்பகுதியில் காணப்படும் சார்னோக்கைட் என்னும் பாறை மிகவும் உறுதியானது. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு இதற்கு அப்பெயரைச் சூட்டினார். சென்னையை அடுத்த பல்லாவரம் இப்பாறைக்குப் பெயர்பெற்ற இடமாகும். இவ்வகைப் பாறையைப் பெருமளவில் பெயர்க்க வெடிபொருள் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் அரியலூர் பகுதியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் வெடிபொருளைப் பயன்படுத்துகின்றன. இந்திய அளவில் இச்சந்தையின் மிகப்பெரிய நுகர்வோர் கோல் இந்தியா நிறுவனம் ஆகும்.

வெடிபொருள்களும் மூலப்பொருள்களும்

ஆல்ஃபிரட் நோபல் 1867ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற டைனமைட்டின் அடிப்படை நைட்ரோகிளிசரின் ஆகும். அதிர்ச்சியால் எளிதில் வெடிக்கக்கூடியது என்பதால், நைட்ரோகிளிசரின் கலந்த வெடிபொருள்களுக்கு இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் தடை விதிக்கப்பட்டது. அதன் இடத்தைக் கூழ்ம வகை, பால்ம வகை வெடிபொருள்கள் பிடித்தன. எனினும் தோட்டா வடிவில் வரும் இவற்றையும் மக்களும் நாளிதழ்களும் 'ஜெலட்டின் குச்சி' என்ற பழைய பெயராலேயே அழைக்கின்றனர்.

இன்றைய குவாரி வெடிபொருள்களின் முதன்மை மூலப்பொருள் அம்மோனியம் நைட்ரேட் ஆகும். இது எரிதலுக்குத் தேவையான ஆக்சிசனைத் தருகிறது. உரத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய வேதிப்பொருள் என்பதால், வெடிபொருள் சந்தை உரச் சந்தையையும் இறக்குமதியையும் சார்ந்துள்ளது.

இந்தியாவில் கோமியா, ஐதராபாத், நாக்பூர் ஆகிய இடங்கள் வெடிபொருள் உற்பத்திக்கு அறியப்பட்டவை. தமிழ்நாட்டில் 1980களில் வேலூர் மாவட்டம் காட்பாடி அருகே மாநில அரசின் பங்களிப்புடன் தமிழ்நாடு வெடிமருந்து நிறுவனம் (டெல்) நிறுவப்பட்டது. பின்னர் நட்டத்திற்குள்ளாகி அதன் உற்பத்தி நின்றது.

வழங்கல் முறை

தொழிற்சாலையிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வெளியேறும் தோட்டாக்கள், அதற்கென வடிவமைக்கப்பட்ட வெடிபொருள் ஊர்திகளில் 'மேகசின்' எனப்படும் வெடிமருந்துக் கிடங்குகளுக்குச் செல்கின்றன. கிடங்கு அமைக்க மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்றும், குடியிருப்புகளிலிருந்து குறிப்பிட்ட பாதுகாப்பு இடைவெளியும் தேவை. தோட்டாக்களையும் அவற்றைத் தூண்டும் டெட்டனேட்டர்களையும் ஒரே அறையில் வைத்தல் கூடாது.

சிறிய குவாரிகள் பலவற்றுக்குச் சொந்தக் கிடங்கு இருப்பதில்லை. அவை வெடி வைக்கும் நாளில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடமிருந்து வெடிபொருளைப் பெறுகின்றன. பயன்படுத்தியது போக மீந்ததைக் கிடங்கிற்குத் திருப்பி, பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும். கணக்கில் வராத மீதமே கிணறு வெட்டுவோர், வெடிவைத்து மீன் பிடிப்போர் முதலியோரிடம் முறைகேடாகச் செல்ல வழி செய்கிறது.

சட்டங்கள்

* 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து, இருப்பு ஆகியவற்றை முறைப்படுத்துகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) இவற்றை நடைமுறைப்படுத்துகிறது.
* 1908ஆம் ஆண்டு வெடிப்பொருள்கள் சட்டம் சட்டவிரோத உடைமைக்குத் தண்டனை வழங்குகிறது.
* 2025 வரை 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின்படி தொழிலாளர் பாதுகாப்பைத் தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் கண்காணித்துவந்தது.
* 2011ஆம் ஆண்டில், 45 விழுக்காட்டிற்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவைகள் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டன. தொடர்ந்து 2012ஆம் ஆண்டில் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் வந்தன.

விபத்துகள்

2007 ஏப்ரல் 7 அன்று விழுப்புரம் மாவட்டம் செண்டூரில் ஜெலட்டின் குச்சிகளை ஏற்றிவந்த ஜீப் வெடித்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2016 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் அருகே முருங்கப்பட்டியில் வெடிபொருள் தொழிற்சாலை ஒன்றில் ஏற்பட்ட விபத்து பதினைந்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே கல்குவாரி ஒன்றின் வெடிபொருள் இருப்பிடம் வெடித்ததிலும் தொழிலாளர்கள் இறந்தனர். இம்மூன்றும் முறையே போக்குவரத்து, உற்பத்தி, இருப்பு ஆகிய நிலைகளில் நிகழ்ந்தவை.

மணலி இருப்பு

2020 ஆகத்து 4 அன்று லெபனானின் பெய்ரூத் துறைமுகத்தில், ஆண்டுக்கணக்கில் தேங்கியிருந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதையடுத்து, 2015ஆம் ஆண்டில் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 740 டன் இறக்குமதி அம்மோனியம் நைட்ரேட் சென்னை அருகே மணலியில் கொள்கலன்களில் கிடந்தது பொதுக் கவனத்திற்கு வந்தது. 2015 வெள்ளத்தில் ஒரு பகுதி பாழானது போக எஞ்சிய 697 டன் ஏலம் விடப்பட்டு, அதே மாதத்தில் ஐதராபாத்துக்கு அனுப்பும் பணி தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் திருத்தப்பட்டன.

அண்மைய மாற்றங்கள்

மின் டெட்டனேட்டர்களைச் சாதாரண மின்கலத்தைக் கொண்டே தூண்ட இயலும். மின்னல், கசிவு மின்சாரம் ஆகியவற்றாலும் அவை வெடிக்கக்கூடும். எளிதில் தவறாகப் பயன்படும் இவற்றுக்கு இந்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் தடை விதித்தது. இவற்றுக்கு மாற்றாக, மின்சாரமின்றி அதிர்வலைக் குழாய் மூலம் இயங்கும் வகையும் மின்னணு டெட்டனேட்டர்களும் உள்ளன. மின்னணு வகையில் ஒவ்வொன்றும் தனி அடையாள எண் கொண்டிருப்பதால், தொழிற்சாலை முதல் பாறைத் துளை வரை அதன் பயணத்தைத் தொடர இயலும்.