சம்மதம் கேட்கிற விழாவில் "இல்லை" என்று சொல்லலாமா?

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. 2023 மே 6, லண்டன். மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. ஊர்வலம் கிளம்புறதுக்கு முன்னாடியே, டிரஃபால்கர் சதுக்கம் பக்கத்தில் ஒரு வண்டியிலிருந்து பதாகைகளை இறக்கிட்டு இருந்த 6 பேரை போலீஸ் கைது பண்ணுச்சு. பதாகையில் இருந்தது இவ்வளவுதான்: இவர் என் மன்னர் இல்லை.

2/ அதில் ஒருவர் கிரஹாம் ஸ்மித். மன்னராட்சி வேண்டாம் என்று சொல்லும் 'ரிபப்ளிக்' அமைப்பின் தலைவர். போராட்டம் நடத்தப் போறதை பல மாசம் முன்னாடியே போலீஸிடம் சொல்லி, பேசி வைத்திருந்தார்கள். அப்புறம் எதுக்கு கைது? பதாகைகளைக் கட்டி வைத்திருந்த பட்டைகள், தங்களை எதனோடாவது பிணைத்துக்கொள்ள உதவும் கருவிகளாம்!

3/ அப்படிக் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் 'பொது ஒழுங்குச் சட்டம் 2023', மே 2 அன்றுதான் மன்னரின் ஒப்புதல் பெற்றது. யார் பெயரில் ஒப்புதலோ, அவருடைய விழாவிலேயே நாலாவது நாள் பயன்பட்டது. ஏறத்தாழ 16 மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு, பிறகு வழக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள். போலீஸ் வருத்தமும் தெரிவித்தது. ஆனா விழா முடிஞ்சு போச்சே. வருத்தத்தை வைத்து என்ன செய்ய?

4/ இங்கே உடனே ஒரு கேள்வி வரும். "கல்யாண வீட்ல போய் யாராவது சண்டை போடுவாங்களா? எதிர்ப்பைக் காட்ட வேற நாளே இல்லையா?" நியாயமான கேள்விதான். ஆனால் கல்யாணம் ஒரு குடும்பத்தின் காசு, ஒரு குடும்பத்தின் விஷயம். இந்த விழாவுக்கு பிரிட்டன் அரசு செலவழித்தது போலீஸ் செலவும் சேர்த்து சுமார் 7.2 கோடி பவுண்டு. எல்லாம் மக்கள் வரிப்பணம்.

5/ அதை விட முக்கியமான காரணம் சடங்குக்குள்ளேயே இருக்கு. முடிசூட்டும் முன் மன்னரை நாலு திசைக்கும் காட்டி, இவரை ஏற்கிறீர்களா என்ற பொருளில் கூடியிருப்பவர்களிடம் கேட்பார்கள். அவர்கள் வாழ்த்தொலி எழுப்பி ஏற்க வேண்டும். 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் டிவி பார்ப்பவர்களும் விசுவாச உறுதிமொழி சொல்லலாம் என்று புதிதாகச் சேர்த்தார்கள்.

6/ அதாவது அந்த விழா மக்களிடம் சம்மதம் கேட்கிறது. சம்மதம் என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள். ஆபரேஷனுக்கு முன் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பு நோயாளிக்கு இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்து வெறும் மைதான். "இல்லை"க்கு இடம் இல்லாத இடத்தில் "ஆமாம்"க்கும் அர்த்தம் இல்லை.

7/ இதுல மருத்துவருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். நிறைய இருக்கு. மன்னரிடம் "இல்லை" சொன்னவர்களைத் தண்டிக்க ஒரு காலத்தில் மருத்துவர்களைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த த்ரெட்.

8/ 1909 ஜூன். மரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் செயின்ட் ஸ்டீபன் மண்டபச் சுவரில் சட்ட வாசகம் ஒன்றை அச்சு வைத்து எடுத்தார். 1689 உரிமைச் சட்டத்தில் உள்ளது: மன்னரிடம் மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக யாரையும் சிறையில் அடைப்பது சட்ட விரோதம். சுவரைக் கெடுத்ததாகச் சொல்லி அவரைச் சிறையில் அடைத்தார்கள்!

9/ என்னை அரசியல் கைதியாக நடத்துங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. சாப்பிட மறுத்தார். 91 மணி நேரம் கழித்து, உயிர் போய்விடுமோ என்று பயந்து விடுவித்தார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட போராட்டத்தின் முதல் உண்ணாவிரதம் இதுதான். மற்ற பெண் கைதிகளும் இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

10/ அரசு அதுக்கு ஒரு பதில் கண்டுபிடித்தது. 1909 செப்டம்பர், பர்மிங்காம் வின்சன் கிரீன் சிறை. வார்டர்கள் கைகாலைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர்கள் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ரப்பர் குழாயை இறக்கி உணவை ஊற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டால் இரும்புக் கருவி வைத்து வாயைப் பிளந்தார்கள். இதற்கு 'மருத்துவமனைச் சிகிச்சை' என்று பெயர் வேறு.

11/ வார்டில் நாங்கள் தினமும் ரைல்ஸ் ட்யூப் போடுகிறோம். நோயாளியை உட்கார வைத்து "தண்ணி முழுங்குங்க, முழுங்குங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் உள்ளே தள்ளுவோம். முழுங்கும்போதுதான் குழாய் உணவுக்குழாயில் சரியாகப் போகும். இருமல் வந்தால் மூச்சுக்குழாய் பக்கம் போயிருக்கலாம், உடனே நிறுத்துவோம். ஒத்துழைக்கிறவருக்கே இவ்வளவு ஜாக்கிரதை.

12/ கத்திக்கொண்டு, திமிறிக்கொண்டு இருப்பவருக்கு நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் குழாய் இறக்கினால்? உணவு நுரையீரலுக்குள் போகும். 1913-ல் லிலியன் லென்டன் என்ற கைதிக்கு அதுதான் நடந்தது. நுரையீரல் உறையில் அழற்சி வந்து சாகக் கிடந்தவரை அவசர அவசரமாக வெளியே அனுப்பினார்கள். அவருக்கு அப்போது தண்டனை கூட ஆகவில்லை, விசாரணைக் கைதிதான்.

13/ இன்னொருவர் கதை. கான்ஸ்டன்ஸ் லிட்டன், பிரபு குடும்பத்துப் பெண். 1909 அக்டோபரில் நியூகாசில் சிறையில் சாப்பிட மறுத்தார். இதயத்தைப் பரிசோதித்தார்கள், நோய் இருக்கு என்று விடுவித்தார்கள். உயர்குடி என்பதால்தான் இந்தக் கரிசனமா என்று அவருக்குச் சந்தேகம். 1910 ஜனவரியில் முடியை வெட்டி, மலிவான உடை போட்டு, 'ஜேன் வார்ட்டன்' என்ற தையல்காரியாக லிவர்பூலில் கைதானார்.

14/ அதே இதயம். இந்தத் தடவை குழாய் இறக்கும் முன் யாரும் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. 8 முறை வலுக்கட்டாயமாக உணவு ஊற்றினார்கள். முதல் முறை முடித்துவிட்டுப் போகும்போது மருத்துவர் கன்னத்தில் அறைந்தார் என்று எழுதியிருக்கிறார். ஆள் யார் என்று தெரிந்ததும் விடுதலை. 1912-ல் பக்கவாதம் வந்து வலது கை போனது. இடது கையால் எழுதித் தன் சிறைக் கதையைப் புத்தகமாக்கினார்.

15/ இந்தக் குடும்பத்தை நமக்கும் தெரியும். கான்ஸ்டன்ஸின் அப்பா இந்திய வைஸ்ராய் லிட்டன் பிரபு. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க 1877 ஜனவரி 1-ல் டெல்லி தர்பார் நடத்தியவர். தர்பார் நடந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கொஞ்சம் காசு என்று கூலி குறைக்கப்பட்டதும் அந்த வருஷம்தான்.

16/ அந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று அரசுக்கே எதிராக எழுதியவர் மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அதே தர்பாரில் புணே சார்வஜனிக் சபா சார்பில் ஜோஷி என்பவர் கதர் உடுத்திப் போய், பிரிட்டிஷ் குடிமக்களுக்கு உள்ள உரிமையை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார். ஆக, அரச விழாவில் அமைதியாக உரிமை கேட்பது நமக்கும் பழைய வழக்கம்தான்.

17/ மறுபடி லண்டன். 1911 ஜூன் 17. சார்லஸின் கொள்ளுத்தாத்தா ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கு 5 நாள் முன்பு, சுமார் 40,000 பெண்கள் தங்களுடைய முடிசூட்டு ஊர்வலத்தை நடத்தினார்கள். சேலை கட்டிய இந்தியப் பெண்களும் அதில் நடந்தார்கள். சிறை சென்றவர்கள் வெள்ளை உடையில் தனி அணியாக வந்தார்கள். ஒரு கல் வீசப்படவில்லை. அதே நவம்பரில், ஆண்களின் வாக்குரிமையை விரிவாக்க மசோதா கொண்டுவருவோம் என்று அரசு அறிவித்தது. பெண்களுக்கு?

18/ பிறகு நடந்தது எல்லாமே அமைதி வழி இல்லை. அதை மறைக்கக் கூடாது. ஜன்னல்களை உடைத்தார்கள், கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். 1913 ஜூன் 4-ல் எமிலி டேவிசன் டெர்பி குதிரைப் பந்தயத்தில் மன்னரின் குதிரை முன் பாய்ந்தார், நாலு நாளில் இறந்தார். குதிரை ஓட்டியவருக்கும் காயம். இவற்றுக்கு எந்த நாட்டிலும் வழக்கு வரும். நான் பேசுவது அது இல்லை.

19/ நான் பேசுவது அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து நடந்தது. 1914 ஜூன் 4, பக்கிங்ஹாம் அரண்மனை. உயர்குடிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மன்னரை வணங்கி நகரும் அரசவை நிகழ்ச்சி. மேரி புளோம்ஃபீல்டு என்ற பெண்ணின் முறை வந்தது. மன்னர் முன் மண்டியிட்டு, பெண்களுக்கு வலுக்கட்டாயமாக உணவூட்டுவதை நிறுத்துங்கள் என்று உரக்கக் கேட்டார். அவரை வெளியே அழைத்துப் போனார்கள். நிகழ்ச்சி தொடர்ந்தது.

20/ "வேற இடத்துல சொல்லலாமே" என்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு, மே 21-ல், மனு கொடுக்க அரண்மனைக்கு ஊர்வலமாகப் போன எமலின் பாங்கர்ஸ்டைப் போலீஸ்காரர் அப்படியே தூக்கிக்கொண்டு போனார். நீதிமன்றமும் 1909-லேயே கட்டாய உணவூட்டல் சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டது. மனுவும் வழக்கும் பலிக்காத பிறகு, மன்னர் காதில் விழும்படி சொல்ல மிச்சமிருந்தது அந்த விழா மட்டும்தான்.

21/ அவருக்கு அங்கே கிடைத்தது சில நொடிகள். அதில் அரியணைக்கோ மன்னருக்கோ ஒரு கீறல் கூட இல்லை. 2023-ல் அந்தச் சில நொடிகளும் கூடாது என்று, வாய் திறக்கும் முன்பே பட்டையைக் காரணம் காட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். சொன்ன பிறகு தடுப்பதை விட, சொல்லப் போகிறார் என்று தடுப்பது மோசம். ஏன்னா அங்கே என்ன சொல்லாமல் போனது என்று ஊருக்குத் தெரியவே தெரியாது.

22/ எங்கள் தொழில் என்ன செய்தது? சிறை மருத்துவர்கள் குழாயைப் பிடித்தார்கள். ஆனால் எல்லோரும் சும்மா இல்லை. 1912-ல் அறுவைச் சிகிச்சை நிபுணர் விக்டர் ஹார்ஸ்லி, டாக்டர் ஆக்னஸ் சாவில், மான்செல் மௌலின் மூவரும் கைதிகளுக்கு நேர்ந்த காயங்களைத் தொகுத்து மருத்துவ இதழ்களில் அறிக்கை வெளியிட்டார்கள். இது சிகிச்சை இல்லை என்று மருத்துவ மொழியிலேயே சொன்னார்கள்.

23/ அந்த வாதம் உலக விதியாக மாற ரொம்ப வருஷம் ஆச்சு. 1975-ல் உலக மருத்துவச் சங்கத்தின் டோக்கியோ பிரகடனம்: தெளிவான மனநிலையில் உணவை மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக உணவூட்டக் கூடாது. 1991-ல் உண்ணாவிரதிகளுக்கென்றே மால்டா பிரகடனம். அதற்குப் பிறகும் நம் நாட்டில் இரோம் சர்மிளாவுக்கு 2016 வரை மூக்குக் குழாயில்தான் உணவு போனது.

24/ இதைப் படிக்கும் ஜூனியர் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. உண்ணாவிரதம் இருக்கும் ஒருவரைப் போலீஸ் கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்து "ட்யூப் போடுங்க சார்" என்றால், முதல் வேலை ட்யூப் இல்லை. காவலரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தனியாகப் பேசுங்கள். இது அவராக எடுத்த முடிவா, விளைவு தெரியுமா, நினைவிழந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தினமும் திரும்பக் கேளுங்கள்.

25/ மற்றவர்களுக்கு: 1918-ல் 30 வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதிக்கும், 1928-ல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் அங்கே வாக்கு கிடைத்தது. மேரி மண்டியிட்டதை அன்று மரியாதைக் குறைவு என்றவர்கள் உண்டு. எந்த ஊர் விழாவிலும் ஒருவர் அமைதியாகப் பதாகை பிடித்து நின்றால், "இப்போ இது தேவையா?" என்று கேட்கும் முன், அவர் முன்னாடி எங்கெல்லாம் கேட்டுப் பார்த்தார், யார் பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள்.