அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி: எது தானம், எது கடன்?

நான் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்தபோது, அப்பா கட்டிய வீட்டின் பத்திரம் ஊரில் வங்கியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஜாமீன் வேண்டும் என்பது அப்போதைய விதி. இரண்டாவது செமஸ்டரில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. கட்டணம் தள்ளுபடியாகி, மாதாமாதம் கையில் கொஞ்சம் பணமும் வந்தது. 'எய்ட் கிடைச்சிடுச்சுப்பா' என்று அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் அகராதியில் எய்ட் என்றால் அது ஒன்றுதான்: திருப்பித் தர வேண்டாத பணம்.

இளநிலைப் படிப்பில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்பது அண்ணாச்சி கொண்டு வந்த கடிதத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு வடகிழக்கு மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் வந்தார். "தம்பி, வருஷத்துக்கு எண்பத்து நாலாயிரம் டாலர். ஆனா அவங்களே அம்பத்திரண்டாயிரம் உதவி பண்றாங்களாம். மிச்சம் முப்பத்திரண்டுதான், சமாளிச்சிடலாம்" என்றார். கடிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். கல்லூரி கொடுக்கும் உபகாரச் சம்பளம் 24,000. மாணவி பெயரில் அரசுக் கடன் 5,500. 'வொர்க் ஸ்டடி' 2,500. 'பேரண்ட் ப்ளஸ்' 20,000. எல்லாவற்றையும் கூட்டி, அடியில் கொட்டை எழுத்தில் 'மொத்த உதவி 52,000'.

இதில் உதவி என்று சொல்லத்தக்கது முதல் வரி மட்டுமே. பேரண்ட் ப்ளஸ் என்பது அண்ணாச்சியே வாங்கி, அண்ணாச்சியே வட்டியோடு கட்ட வேண்டிய கடன். ஆக உண்மையான செலவு ஆண்டுக்கு 60,000. 'கடன்' என்ற சொல் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை, சுருக்கெழுத்துகள்தான் இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் கட்ட வேண்டிய நிகரத் தொகையைக் கடிதத்தில் சொல்வதே இல்லை அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று மதிப்பிட்டிருந்தது. ஊரில் தலையைச் சொறிந்துகொண்டு 'ஒரு சின்ன உதவி' என்று யாராவது வந்து நின்றால் கைமாற்று கேட்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடும். அந்த அனுபவ ஞானத்தை இந்தக் கடிதங்களிலும் பயன்படுத்த வேண்டியதுதான்.

இனி வகைகளைப் பார்க்கலாம்.

திருப்பித் தர வேண்டாத பணத்தில் முதலாவது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு மானியம். 1972-ல் தொடங்கி, 1980-ல் ரோட் ஐலண்ட் செனட்டர் க்ளெய்பார்ன் பெல்லின் பெயரைப் பெற்ற 'பெல் கிராண்ட்' இதில் முக்கியமானது. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலை பார்க்கும் வீடுகளுக்கு இது கிடைக்காது. ஆனால் அமெரிக்கத் தமிழர் எல்லோரும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. பெட்ரோல் பங்கிலும் ஓட்டல் சமையலறையிலும் வேலை பார்ப்பவர்கள் 'நமக்கெல்லாம் எங்கே' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

இரண்டாவது, மாநிலம் தருவது. எங்கள் ஜார்ஜியாவில் 'ஹோப்' உதவித்தொகை 1993-லிருந்து இருக்கிறது. பள்ளியில் 3.0 சராசரி வைத்திருந்தால் போதும், குடும்ப வருமானத்தைக் கேட்பதில்லை. மாநிலப் பொதுக் கல்லூரியில் படிப்புக் கட்டணத்தை இது ஏற்கும். விடுதியும் சாப்பாடும் நம் பொறுப்பு. கல்லூரியிலும் அந்தச் சராசரியைக் காப்பாற்ற வேண்டும், முதல் வருடக் கால்குலஸில் வழுக்கி விழுந்து இழந்தவர்கள் உண்டு. பணம் வருவது மாநில லாட்டரியிலிருந்து. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது நிம்மதியடைந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, அதனால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. கடை வாசலில் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் வசதியானவர்களாகத் தெரிவதில்லை. அவர்கள் காசில் எங்கள் தெருப் பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள்.

மூன்றாவது, கல்லூரி தன் கைக்காசிலிருந்து தருவது. இதில் இரண்டு ரகம்: தகுதிக்காக, தேவைக்காக. ஹார்வர்ட், யேல் முதலிய ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக ஒரு காசும் தருவதில்லை, தேவையை மட்டுமே பார்க்கும். ஆனால் அந்தத் தேவையைத் தாராளமாகவே பார்க்கும். ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரையுள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது என்று எம்.ஐ.டி. 2024 நவம்பரிலும் ஹார்வர்ட் 2025 மார்ச்சிலும் அறிவித்தன. எனவே விலைப்பட்டியலை மட்டும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே அதில் பத்து நிமிடம் செலவழிக்கலாம்.

வெளி அமைப்புகள் தரும் பரிசுத் தொகைகள் நான்காவது. பி.எஸ்.ஏ.டி. தேர்வின் வழியே வரும் நேஷனல் மெரிட் இவற்றில் புகழ்பெற்றது, ஒருமுறை தரப்படும் 2,500 டாலர். நம்மவர்கள் அதற்குக் கொடுக்கும் மரியாதைக்கும் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. தவிர, வெளியிலிருந்து பரிசு வந்தால் அந்த அளவுக்குத் தன் மானியத்தைக் குறைத்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வொர்க் ஸ்டடி என்பது 1964-ல் வந்த திட்டம். நூலகத்திலோ அலுவலகத்திலோ பகுதிநேர வேலை, சம்பளத்தில் பெரும்பங்கை மத்திய அரசு தரும். கடிதத்தில் 2,500 என்று போட்டிருந்தாலும் கட்டணத்தில் அது கழியாது. வேலையைத் தேடி, செய்து, வாரம் வாரம் சம்பாதித்தால்தான் உண்டு. இதில் வரும் வருமானத்தை அடுத்த ஆண்டு உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது ஒரு நல்ல விஷயம்.

அடுத்து கடன். மாணவர்களுக்கு மத்திய அரசு கடன் தர ஆரம்பித்ததற்குக் காரணம் ரஷ்யா. 1957-ல் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சியில் 1958-ல் ஒரு சட்டம் வந்தது. ஏவுகணைக்குப் பதில் சொல்ல விஞ்ஞானிகள் வேண்டும், அவர்கள் படிக்கப் பணம் வேண்டும். 1965-ல் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டது வாஷிங்டனில் அல்ல, தான் படித்த டெக்ஸஸ் கல்லூரியில். படிப்புக்குப் பணம் சேர்க்க நடுவில் ஒரு வருடம் நிறுத்திவிட்டு, கொட்டூலா என்ற சிற்றூரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். இன்றுள்ள மானியங்களும் கடன்களும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கிளைகள்தான்.

பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் முதலாண்டில் 5,500 டாலர் வரை மத்திய அரசுக் கடன் வாங்கலாம். இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500. மொத்தம் 31,000-ஐத் தாண்டக் கூடாது. இதில் 'சப்ஸிடைஸ்டு' என்ற பகுதிக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும், தேவை இருப்பதாகக் கணக்கில் வந்தால் மட்டும். மற்றதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். 2025-26-க்கான வட்டி 6.39 சதவீதம். பேரண்ட் ப்ளஸ்ஸுக்கு 8.94. கிட்டத்தட்ட ஒன்பது வட்டியைத்தான் அந்தக் கடிதம் 'உதவி' என்றது.

ப்ளஸ் கடனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்பு கல்லூரிச் செலவு முழுவதற்குமே வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வைத்தது. அண்ணாச்சியின் கடிதத்தில் இருப்பது போல வருடம் இருபதாயிரம் வாங்கினால் மூன்று வருடத்தில் அறுபதாயிரம் போய்விடும். நான்காம் ஆண்டுக்கு மிச்சம் ஐயாயிரம்தான். பாதியில் தனியார் வங்கிக் கடனைத் தேட வேண்டிவரும், அதற்குப் பெரும்பாலும் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள ஒருவர் உடன் கையெழுத்துப் போட வேண்டும். மாணவர் கடன் திவாலானால்கூட எளிதில் கழுத்தை விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவை பெரும்பாலானவற்றுக்கும் வாசல் ஒன்றே: 'ஃபாஃப்ஸா' என்ற இலவச விண்ணப்பம். இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கை வைத்துக் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று ஓர் எண்ணைத் தருவார்கள். குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் அது கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் வாங்கிப்போட்ட காலிமனையை எடுக்கும்; டாலரில் மாற்றிக் காட்ட வேண்டும். சில தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் 'சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்' குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் துருவும். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் கிடைத்துவந்த சலுகை 2024-25 முதல் ஃபாஃப்ஸா கணக்கில் இல்லை.

இங்கேதான் அண்ணாச்சி ஒரு தவறு செய்திருந்தார். பெண் பிறந்ததிலிருந்து அவள் பெயரிலேயே ஒரு முதலீட்டுக் கணக்கில் பணம் போட்டு வந்திருக்கிறார். அறுபதாயிரம் சேர்ந்திருந்தது. பெண் பிள்ளை பெயரில் போட்டு வைப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் ஃபாஃப்ஸா மாணவர் பெயரிலுள்ள சேமிப்பில் 20 சதவீதத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கிடுகிறது. பெற்றோர் பெயரில் இருந்தால் அதிகபட்சம் 5.64 சதவீதம். 12,000-க்கும் 3,384-க்கும் உள்ள வித்தியாசம் அது. பெற்றோர் பெயரில் 529 கணக்கு வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது நினைவில் வைத்தால் போதும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் அண்ணாச்சி மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து திருக்குறள் படித்த இன்னொரு பெண் இருக்கிறாள். மூன்று வயதில் இங்கே வந்தவள். அப்பாவுக்கு எச்-1பி, அவளுக்கு எச்-4. பச்சை அட்டை வரிசையில் அவர்கள் நிற்க ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. மதிப்பெண் இவளுக்குத்தான் அதிகம். ஆனால் பெல் கிடையாது, ஹோப் கிடையாது, மத்திய அரசுக் கடன் கிடையாது, எச்-4 என்பதால் வளாகத்தில் வேலை பார்க்கவும் முடியாது. 21 வயதாகிவிட்டால் அப்பாவின் விசாவிலிருந்து வெளியேறி எஃப்-1-க்கு மாற வேண்டும். மாறினால் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல். இவர்களுக்குத் திறந்திருப்பது கல்லூரிகளின் சொந்தப் பணம் மட்டுமே. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில இடங்கள் குடியுரிமையையும் பண வசதியையும் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. அங்கே நுழைவது குதிரைக்கொம்பு. மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் எச்-4 பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்வதே உத்தமம். முதுநிலைக்கு வந்துவிட்டால் என்னைப் போல ஆராய்ச்சி உதவியாளராகச் சேரலாம், அங்கே விசா குறுக்கே நிற்பதில்லை. இதைச் சொன்னபோது அந்தப் பெண், "அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே மாமா" என்றாள்.

கடிதம் வந்ததோடு கதை முடிவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. வேலை போய்விட்டது, பெரிய மருத்துவச் செலவு என்றால், சான்றுகளோடு எழுதிக் கேட்டால் நிதியுதவி அலுவலர் கணக்கை மறுபடி பார்க்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. அண்ணாச்சி கணக்குக் காட்டிய வருடத்தில் அக்காவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், பிறகு அது போய்விட்டது. பணிநீக்கக் கடிதத்தையும் புதிய வருமான விவரத்தையும் இணைத்து ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. உபகாரச் சம்பளம் 24,000 என்பது 31,000 ஆகியிருந்தது. ப்ளஸ் கடன் அதே இடத்தில், அதே 20,000.

அண்ணாச்சி அதையும் ஜார்ஜியாவின் பொதுக் கல்லூரிக் கடிதத்தையும் அருகருகே வைத்து, பேனாவால் கடன் வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டிப் பார்த்து மகளிடம் கொடுத்தார். அவள் ஹோப் பக்கம் சாய்ந்தாள்.